‘புரியலை’க்கு ஒரு வாடா

எங்கள் ஊரில் ஒருவர் ‘புரியுதுங்க’ என்று சொன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது அப்பாவித்தனம். போதும், நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு அது ஒரு மரியாதையான வழி. வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதையும் அப்படிச் சொல்லலாம். நீங்கள் பெரியவர், உங்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை என்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். காரைக்காலில் பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருஷம் எனக்கு ஒரே வேலை. பொறியாளர்கள் எதையாவது செய்து முடித்துவிட்டுப் போவார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆங்கிலத்தில் நான் எழுத வேண்டும். நான் எழுதியதை அநேகமாக யாரும் படித்ததில்லை. படித்தவர்கள் திட்டி எழுதினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, மென்பொருள் உலகத்தில் அந்தப் பூசாரி நான்தான். நல்ல கருவியாக இருக்கும். அதன் விளக்கப் புத்தகத்தைத் திறந்தவர்கள் கருவியையே மூடி வைத்துவிடுவார்கள். என்னுடைய மேலாளரிடம் ஒருமுறை, “இதை வாங்கினவங்க யாரையாவது கூப்பிட்டுப் படிக்கவச்சுப் பார்க்கலாமே” என்றேன். நேரமில்லை என்றார். அன்றைக்குப் பிடித்த கோபம் எனக்கு.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்குத் திரும்பினேன். நிறுவன வேலையைக் காலையில் வீட்டிலிருந்தே செய்துகொண்டு, பிற்பகலுக்கு ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அறை எடுத்தேன். நான்கு பழைய கணினிகள், இரண்டு பெஞ்சு, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. சமைத்து முடித்து, வீட்டார் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் வரக்கூடிய பெண்களுக்குக் கணினி நிரல், அதாவது புரோகிராம், எழுதச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானம். எதற்கு இது என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். தையல் சொல்லிக்கொடுத்தால் நாலு பேர் வருவார்களே என்றார் பாத்திரக்கடைக்காரர். எட்டுப் பேர் வந்தார்கள்.

அவர்களில் ஒருவர்தான் லாத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். வகுப்பில் எல்லோரும் அவரை அப்படிக் கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். கணவர் சபரில், அதாவது வளைகுடாவில் வேலைக்குப் போய் இருபது வருஷம். ஒரே மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். முதல் நாள் எதற்காக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். லாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“எம் புள்ள லேப்டாப்புல என்னமோ எழுதிக்கிட்டு இருப்பான் டீச்சர். பக்கத்துல போயி என்னாப்பா இதுன்னா, டப்புன்னு மூடிட்டு, ‘உனக்கு இதெல்லாம் புரியாதும்மா’ங்குறான். அப்படி என்னாதான் இருக்குன்னு பார்க்கலாம்னு வந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

பாடத்துக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் உள்ள சொற்களையே எடுத்துக்கொண்டேன். முதல் வாரமே முட்டிக்கொண்டது. ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கு ‘மாறி’ என்று சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் எழுதியிருந்தாலும் காதில் விழுவதுதானே நிற்கும்? எங்கள் பேச்சில் ‘மாதிரி’ என்பதே ‘மாறி’ என்றுதான் வரும். “ஒரு மாறியை உருவாக்கிக்கோங்க” என்று நான் சொல்ல, “எந்த மாறி டீச்சர்?” என்று ஒருவர் கேட்டார். நான் வகைகளை விளக்க ஆரம்பித்தேன். எண் மாறி, சொல் மாறி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதான், எது மாறி உருவாக்கணும்? நீங்க போர்டுல போட்ட மாறியா, வேற மாறியா?” என்றார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் “புரியுதா?” என்றேன். எட்டுப் பேரும் ஒரே குரலில், “புரியுது டீச்சர்.”

அப்புறம் கணினியில் உட்கார்ந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஓடாது. மறுநாளும் அதே கதை. புரியுதா? புரியுது டீச்சர். திரை முழுக்கப் பிழை என்று சிவப்பு எழுத்து. ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் சாக்பீஸைத் தரையில் போட்டுக் கத்திவிட்டேன். “இனிமே இந்த ரூமுக்குள்ள யாரும் புரியுதுன்னு சொல்லக்கூடாது. அந்த வார்த்தையே கூடாது. புரியலைன்னு சொல்லுங்க. எந்த இடத்துல புரியலைன்னு சொல்லுங்க. சொல்றவங்களுக்கு ஒரு வாடா.”

வாடா என்றால் இறால் வைத்துச் சுடுவது. எங்கள் ஊரில் மாலை நேரத்தில் அதைத் தின்னாமல் தெருவைக் கடப்பது கஷ்டம். எதிர்க்கடையில் சூடாகப் போடுவார்கள். கத்திய வேகத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, அது பலித்தது. இரண்டு மூன்று நாள் கூச்சம். அப்புறம் லாத்தா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“புரியலை டீச்சர்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பதினோரு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. பெஞ்சைத் தட்டினேன். சபாஷ் லாத்தா என்றேன். ஆளனுப்பி வாடா வாங்கி வரச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அவர் கையில் கொடுத்தேன்.

மற்றவர்களின் ‘புரியலை’க்கும் லாத்தாவின் ‘புரியலை’க்கும் வித்தியாசம் இருந்தது. மற்றவர்கள் மொத்தமாகக் கையை விரிப்பார்கள். லாத்தா வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். “இது வரைக்கும் வந்துட்டேன் டீச்சர். இங்க ‘அதனை’ன்னு ஒண்ணு நிக்கிது. முன்னாடி மூணு சாமான் வந்திச்சே, இது அதுல எதை?” நான் பார்ப்பேன். நியாயம்தான். நான் எழுதிய ‘அதனை’ எதைக் குறிக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அடித்துவிட்டுப் பொருளின் பெயரையே திரும்ப எழுதுவேன்.

அப்படித்தான் புத்தகம் ஆரம்பமானது. விடிகாலையில், நிறுவன வேலைக்கு முன், ஒரு பக்கம் எழுதுவேன். பிற்பகலில் லாத்தா படிப்பார். விரல் நின்ற இடத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து, மறுநாள் திருத்தி எழுதுவேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை ‘புரியலை’ என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தேன். ‘மாறி’ போயிற்று. சபரிலிருந்து வரும் கார்கோ பெட்டியின் நாலு பக்கமும் தடித்த பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். உள்ளே என்ன இருந்தாலும் வெளியில் பெயர் அதுதான். லாத்தா சொல்லி, ‘பேர்ப்பெட்டி’ என்று ஆனது. வகுப்பில் யாருக்கும் அதற்குமேல் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

லாத்தா மட்டும் என்று சொல்லிவிட முடியாது. மதிப்பு சுழி, அதாவது பூஜ்யம், என்பதும் மதிப்பே இல்லை என்பதும் வேறு வேறு என்று நான் மூன்று நாள் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறேன். மீனவர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண் ஒரு நிமிஷத்தில் முடித்துவைத்தார். “இதுல என்னா டீச்சர் இருக்கு? பாடு இல்லைன்னா, கடலுக்குப் போயி, வலை போட்டு, மீன் வரலை. அது சுழி. போகலைன்னா போகலை. அங்க சுழி போடக்கூடாது, சும்மா விட்டுடணும். ரெண்டையும் ஒண்ணா எழுதுனா ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு வந்த மனுசனுக்கு என்னா மரியாதை?” அந்தப் பக்கத்தை அவர் சொன்னபடியே எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு கமா கூட மாற்றவில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்தியது பிழைகளைப் பற்றிய அத்தியாயம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத ஒன்று நடந்தால், உள்ளே இருக்கும் பகுதி அதை வெளியே எறியும். வெளியே இருக்கும் ஏதாவது ஒரு பகுதி அதைப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். “புரியலை டீச்சர்.” பேருந்து வழியில் நின்றுபோவதை உதாரணமாகச் சொன்னேன். “புரியலை.” திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோய் மைக்கில் அறிவிப்பதைச் சொன்னேன். “அது வேற மாதிரில்ல இருக்கு? புரியலை.” ஒன்பது சிவப்புக் கோடு. பத்தாவது நாள் லாத்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“டீச்சர், இது மாங்கனி எறைக்கிற மாதிரியா?”

எனக்குப் புல்லரித்தது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் சாமி வீதியில் வரும்போது இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழம் இறைப்பார்கள். கீழே நிற்பவர் பிடித்தால் பழம் கைக்கு வந்தது. அவர் விட்டால் பின்னால் நிற்பவர் பிடிக்கலாம். அவரும் விட்டால் அவருக்கும் பின்னால் இருப்பவர். யாருமே பிடிக்காத பழம் தரையில் விழுந்து நசுங்கும், அதில் வழுக்கி ஒருவர் விழுந்து கூட்டமே நின்றுபோகும். பிழையை எறிவதும் பிடிப்பதும் அப்படியே அதுதான். இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்குத் தோன்றவில்லை. புரியவில்லை என்று உட்கார்ந்திருந்தவருக்குத் தோன்றியது. அன்று அவருக்கு மூன்று வாடா.

புரியாத ஒருவருக்கு இவ்வளவு கச்சிதமான உதாரணம் எப்படித் தோன்றும்? இந்தக் கேள்வியை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

மூன்று வருஷத்தில் புத்தகம் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நிரல்மொழி ஒன்றின் விளக்க நூலைத் தமிழில் கொண்டுவந்து, சின்ன ஊர்களில் பெண்களுக்கு வகுப்பு நடத்தப்போகிறார்கள். எங்கள் வகுப்பையும் அதில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். புதுக் கணினிகள் வரும். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே புத்தகம்தான். அவர்களிடம் கலைச்சொல் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய ஒரு வரைவு இருந்தது. என்னுடையதையும் அனுப்பினேன். எதை எடுப்பது என்று இழுபறி. மேசையில் உட்கார்ந்து முடிவு பண்ணாதீர்கள், படிக்கப்போகிறவரைக் கேளுங்கள் என்று நான்தான் எழுதினேன். பழைய மேலாளர் மறுத்ததை இவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நேரிலேயே வந்து, இரண்டு வரைவிலிருந்தும் ஒரே பாடத்தைப் படிக்கவைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. எந்தப் பாடம் என்று என்னைக் கேட்டார்கள். பிழைகளைப் பற்றிய பாடம் என்றேன். யார் படிப்பார் என்றார்கள். யோசிக்கவே இல்லை. லாத்தா என்றேன்.

முந்தின நாள் லாத்தாவிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. “எப்பவும் போல வெரலை வச்சுப் படிங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க” என்றேன், அவ்வளவுதான். “இன்ஷா அல்லா டீச்சர்” என்றார்.

வந்தவர் ஓய்வு பெற்ற பேராசிரியர், அந்த வரைவை எழுதியவரே. கோணலாகப் பேசுவார், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவரோ தங்கமான மனிதராக இருந்து தொலைத்தார். விடிகாலையில் கிளம்பி மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு எட்டுப் பேரிடமும் ஊர், வீடு எல்லாம் விசாரித்தார். ஒரு சின்ன முக்காலியில் தன் செல்போனை நிறுத்தி, குழுவில் மற்றவர்கள் பார்ப்பதற்காகப் படம் எடுப்பதாகச் சொன்னார். இணையத்திலும் போடுவோம், ஆட்சேபம் உண்டா அம்மா என்று லாத்தாவைக் கேட்டார். லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இல்லை என்று தலையசைத்தார்.

பேராசிரியர் தன் பக்கத்தை அவரே வாய்விட்டுப் படித்தார். ‘விதிவிலக்கு எழுப்பப்படுமிடத்து, கட்டுப்பாடானது அருகமைந்த கையாளிக்கு மாற்றப்படும், கையாளி வரையறுக்கப்படாதவிடத்து நிரல் இயக்கம் முடிவுறுத்தப்படும்.’ எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இந்த வரியில் லாத்தாவின் விரல் எத்தனை இடத்தில் நிற்கும் என்று எண்ணத் தயாராகிவிட்டேன். நாலு, குறைந்தது நாலு. பேராசிரியர் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். லாத்தாவின் விரல் வரியின் மேல் ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை.

“புரியுதாம்மா?”

“புரியுதுங்க ஐயா.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று வருஷமாக அந்த அறைக்குள் யாரும் சொல்லாத சொல் அது. மற்ற ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சபை நாகரிகம் பார்க்காமல் குறுக்கே விழுந்தேன். “உங்க வார்த்தையில சொல்லுங்க லாத்தா, என்ன புரிஞ்சிச்சு?” லாத்தாவுக்கு ஞாபகசக்தி அதிகம், ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். என்னைப் பார்க்காமல் பேராசிரியரைப் பார்த்தபடி, விதிவிலக்கு எழுப்பப்படுமிடத்து என்று தொடங்கி முடிவுறுத்தப்படும் வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து லாத்தா என் பக்கத்தையும் படித்தார். மாடி, மாங்கனி, பிடிப்பவர், நசுங்கிய பழம். “இது?” என்றார் பேராசிரியர்.

“இதுவும் புரியுதுங்க.”

பேராசிரியர் என்னிடம் கனிவாகத்தான் பேசினார். “ரெண்டும் புரியுதுங்கறாங்க. அப்படின்னா தரப்படுத்தின சொல்லோட இருக்கறதை எடுக்கறதுதானே முறை? உங்க மாங்கனி ரொம்ப அழகும்மா. ஆனா காரைக்கால்ல சரி, கரூர்ல யாரு மாடியிலேருந்து மாம்பழம் எறியறாங்க?” அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நியாயத்தோடு மல்லுக்கட்ட என் கையில் இருந்த ஒரே ஆயுதம் லாத்தாவின் விரல். அதைத்தான் என் கண் முன்னாலேயே மடக்கிக்கொண்டுவிட்டாரே. பேராசிரியரை நான் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். மேசையில் லாத்தா வீட்டுத் தூக்குவாளி இருந்தது. வந்தவருக்காகச் செய்து கொண்டுவந்த வாடாவில் எனக்கென்று நாலு வைத்துவிட்டுப் போயிருந்தார். தூக்கோடு எதிர்க்கடையில் கொடுத்து, வந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

கூட இருந்தே குழி பறித்துவிட்டார் என்று வீட்டில் புலம்பினேன். எதிரியாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பேராசிரியர் அவருக்கு வேலை ஏதும் தருவதாகச் சொல்லியிருப்பாரோ என்று கேவலமாகக்கூட யோசித்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. என் வரைவின் சில கூறுகள் பின்னாளில் பிற்சேர்க்கையாகப் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. புதுக் கணினிகள் வந்தன, கூடவே புதுப் புத்தகங்களும். என் பெண்கள் அதைப் பிரித்தார்கள். பேர்ப்பெட்டி போய் மாறி வந்தது. “புரியுதா?” என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம், “புரியுது டீச்சர்” என்றது ஒரு குரல். மற்றவையும் சேர்ந்துகொண்டன. மீனவர் குடும்பத்துப் பெண் மறுவாரம் வரவில்லை. சுழிக்கும் இல்லாததற்கும் வித்தியாசம் சொன்னவர். அவருடைய வருகைப் பதிவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் சும்மா விட்டேன். ஒவ்வொருவராக உதிர்ந்து, ஐப்பசிக்குள் இரண்டு பேர் மிஞ்சினார்கள். லாத்தா அந்தச் சோதனை நாளுக்கு அப்புறம் மாடிப்படி ஏறவே இல்லை.

மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். ஒழுகும் மூலையிலிருந்து கணினியை நகர்த்திக்கொண்டிருந்தேன். படியில் குடையை உதறும் சத்தம். லாத்தா, கையில் அதே தூக்கு.

“கோவமா டீச்சர்?”

“இல்லை.”

“நாலு மாசமா தெருவுல என்னைக் கண்டா செல்லைப் பாத்துக்கிட்டுப் போறீங்க.”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. “அன்னைக்கு ஏன் லாத்தா அப்படிச் சொன்னீங்க? அந்தப் பக்கம் நெசமாவே புரிஞ்சிச்சா உங்களுக்கு?”

“ஒரு எழுத்தும் புரியலை.”

“அப்புறம்?”

“வயசானவங்க. அவ்வளவு தூரத்துலேந்து வந்திருக்காங்க. அவங்க எழுதுனதை அவங்க மூஞ்சிக்கு நேரா புரியலைன்னு எப்படிங்க சொல்றது? அதுவும் போகட்டும். படம் புடிச்சாங்க, இல்லியா? எம் புள்ள பார்ப்பான். உனக்குப் புரியாதும்மான்னு சொன்ன புள்ள. அவன் பார்க்குற படத்துல நான் புரியலை புரியலைன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

அது என்னைத் தைத்தது. ஆனால் கோபம் விடவில்லை. “மூணு வருஷமா எங்கிட்ட மட்டும் கூச்சமில்லாம சொன்னீங்களே?”

லாத்தா பெஞ்சில் உட்கார்ந்தார். ஈரமான குடையை எங்கே வைப்பது என்று பார்த்து, காலடியில் வைத்தார்.

“வருத்தப்படக்கூடாது. மொத ஆறு மாசம் நெசமாவே புரியலை. அப்புறம் புரிய ஆரம்பிச்சிருச்சு. புரியுதுன்னு மூஞ்சியை வச்சா நீங்க வாடிப்போயிடுவீங்க. ‘நல்லாப் பாருங்க லாத்தா, நெசமாவா?’ம்பீங்க. புரியலைன்னா உங்களுக்கு எவ்வளவு சந்தோசம்! பெஞ்சைத் தட்டுவீங்க, வாடா வாங்கியாரச் சொல்லுவீங்க, லாத்தா மாதிரி யாரும் இல்லைம்பீங்க. சரி, பாவம், டீச்சருக்குப் புடிக்கிதேன்னு எங்கயாவது வெரலை வச்சு நிறுத்திக்கிட்டேன்.”

“மாங்கனி?”

“புரியாமலா டீச்சர் மாங்கனியைச் சொல்லுவேன்? ஒம்போது நாளு நீங்க பட்ட பாட்டைப் பார்க்க முடியலை.”

அலமாரியில் சிவப்புக் கோடு போட்ட நோட்டு இருந்தது. பேராசிரியரிடம் நான் பெருமையாக எடுத்துக் காட்டிய நோட்டு. அதில் எந்தக் கோடு நிஜம், எந்தக் கோடு எனக்காகப் போடவைத்தது? மூன்று வருஷம் விடிகாலையையெல்லாம் கொட்டி, இல்லாத முள்ளைத் தேடித் தேடி எடுத்திருக்கிறேன். புரியுதுங்க என்ற மரியாதையை இந்த அறையைவிட்டுத் துரத்திவிட்டதாக நினைத்தேன். அது வாசல் வழியே போய், புரியலைங்க என்று பேரை மாற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

“உங்க புஸ்தகம் புரிஞ்சிச்சு, புரியலைன்னேன். அவங்க புஸ்தகம் புரியலை, புரியுதுன்னேன்” என்றார் லாத்தா. “ரெண்டும் ஒரே மரியாதைதாங்க.”

“என்னை ஏமாத்திட்டீங்க லாத்தா.”

“இருக்கலாம்” என்றார். “ஆனா ஒண்ணு கேக்குறேன். மூணு வருசத்துல ஒரு நாளாவது, லாத்தா நீங்க இப்ப நல்லாப் படிச்சிட்டீங்க, வாங்க சேந்து எழுதுவோம்னு சொன்னீங்களா? உங்களுக்கு எப்பவும் புரியாத ஒரு ஆளு வேணும். அந்த நாற்காலியில என்னை உக்கார வச்சிட்டீங்க. எம் புள்ளையும் அதே நாற்காலியிலதான் உக்கார வச்சிருந்தான். நான் எந்திரிக்கணும்னு பார்த்த அன்னைக்கு உங்க புஸ்தகம் குறுக்க வந்திருச்சு.” குனிந்து குடையை எடுத்துக்கொண்டார். “நான் சொல்றது புரியுதா டீச்சர்?”

“புரியுது லாத்தா” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். சிவப்பு எழுத்து வந்த திரையை நான் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். பிறகு தூக்கின் மூடியைத் திறந்து, ஒரு வாடாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“புரியலைங்குறவங்களுக்குத்தானே? எடுத்துக்கங்க.”